வானொலிப் பெட்டியும் பாடப் புத்தகமும்

புதிய கருவி ஒன்று வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் குற்றஞ்சாட்டப்படுவது அக்கருவியே. சாட்சியாக நிறுத்தப்படுவது பாடசாலைப் பிள்ளை. "படிப்புக் கெட்டுவிடும்" என்பதே எக்காலத்தும் வாசிக்கப்படும் குற்றப்பத்திரிகை. கொழும்பு மாநகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் இக்குற்றச்சாட்டை முதலில் வானொலிப் பெட்டியின்மீது சுமத்தின. பின்னர் தொலைக்காட்சிப் பெட்டியின்மீது சுமத்தின. இன்று கைத்தொலைபேசியின்மீது சுமத்துகின்றன. வழக்கு ஒன்றே, எதிரிகள்தாம் மாறி வந்துள்ளனர். ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக நடந்துவரும் இவ்வழக்கின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுடையது. பெற்றோரின் அச்சம் எங்கே நியாயமாயிற்று, எங்கே குறிதவறிப் போயிற்று என்பவற்றை அவ்வரலாறே காட்டிவிடும்.

இவ்வரலாற்றைக் கொழும்பின் எந்த மூலையில் நின்றும் பார்க்கலாம். ஆயினும் ஒருகொடவத்தையில் நின்று பார்ப்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. மாநகரின் வடகிழக்கு விளிம்பில், பேஸ்லைன் வீதி களனி கங்கைப் பாலத்தை நோக்கிச் செல்லும் வழியில், அவிசாவளைக்குச் செல்லும் வீதி பிரியும் சந்தியே ஒருகொடவத்தை. தெற்கே தெமட்டகொடையும், மேற்கே கிராண்ட்பாசும், கிழக்கே எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த கொலன்னாவையும் அதனைச் சூழ்ந்துள்ளன. வெள்ளவத்தையில் உத்தியோகத்தரும் ஆசிரியரும் மிகுதி. கொட்டாஞ்சேனையில் வணிகரும் துறைமுகத்தை நம்பி வாழ்வோரும் மிகுதி. ஒருகொடவத்தைப் பக்கமோ உழைப்பாளர் குடியிருப்புகளும் பண்டகசாலைகளும் கலந்த பகுதி. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் அடுத்தடுத்த வாசல்களில் வாழும் சூழல் அது. இன்று அவ்வூரின் பெயரைச் செய்திகளில் அடிக்கடி கேட்கச் செய்வது அங்குள்ள சுங்கத் திணைக்களத்தின் கொள்கலன் முற்றமாகும். வெளிநாட்டுப் பொருள்கள் நிறைந்த கொள்கலன்கள் சந்தைக்குப் போகுமுன் திறந்து சோதிக்கப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று. புதிய பொருள்கள் ஊருக்குள் நுழையும் வாசல் ஒன்று, அப்பொருள்களை எளிதில் வாங்க இயலாதவர் பலர் வாழும் பகுதியிலேயே அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

கருவிக்கும் கல்விக்கும் இடையிலான வழக்கு வானொலியோடு தொடங்கியதன்று. எழுத்து என்னும் கலையே மனிதனின் நினைவாற்றலைக் கெடுத்துவிடும் என்ற ஐயத்தைக் கிரேக்க ஞானி சோக்கிரதீசின் வாயிலாகப் பிளேட்டோ எழுதிவைத்தார். அந்த ஐயத்தை நாம் இன்று அறிவதும் எழுத்தின் துணையாலேதான். ஈழத்தில் அச்சியந்திரம் பெரிதும் மிஷனரிமார் கையிலிருந்த காலத்தில், அதனை வெறுத்து ஒதுக்கியிருக்கச் சைவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஆறுமுக நாவலர் அவ்வாறு செய்யவில்லை. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டே அச்சியந்திரம் ஒன்றையும் அங்கு நிறுவினார். பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். பிறர் கொணர்ந்த கருவியைத் தம் பிள்ளைகளின் மொழியில் பேசவைத்தமையே நாவலர் செய்த காரியம். பின்னர் வந்த கருவிகளை அளப்பதற்கு இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

இனி வானொலியின் கதைக்கு வருவோம். 1921 ஆம் ஆண்டில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்தவர் எட்வேட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர். 1923 ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசைத்தட்டு இசையை அவர் சோதனையாக ஒலிபரப்பினார். முதல் உலகப்போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவிப் பகுதிகளைக் கொண்டே அந்த ஒலிபரப்பி அமைக்கப்பட்டதென்பது ஒலிபரப்பு வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இலண்டனில் பி.பி.சி. தொடங்கியது 1922 ஆம் ஆண்டின் இறுதியில். மூன்று ஆண்டுகளின் பின், 1925 டிசம்பர் 16 ஆம் திகதி, கொழும்பு வானொலி தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் அவர்களால் முறைப்படி ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய ஒலிபரப்பு நிலையங்களுள் ஒன்றாக இலங்கை நிலையம் எண்ணப்படுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்நாளைய வானொலிப் பெட்டி யாருக்கு உரியதாய் இருந்தது? வால்வுகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டிய அந்தப் பெரிய மரப்பெட்டி, கூரைமேல் கட்டிய கம்பியையும் மின்சாரத்தையும் வேண்டி நின்றது. பெட்டியை வைத்திருப்போர் ஆண்டுதோறும் அநுமதிப் பத்திரமும் பெறவேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் பொருள்வசதி உடையவரின் வரவேற்பறையே அதன் இருப்பிடமாயிற்று. ஒலித்தவற்றிலும் ஆங்கிலத்தின் ஆட்சியே ஓங்கியிருந்தது. எனவே அக்காலத்தில் வானொலி பிள்ளைகளைக் கெடுக்குமா என்ற வினா உழைப்பாளர் வீடுகளில் எழவேயில்லை. கெடுப்பதற்கேனும் அது அங்கே சென்று சேரவில்லை.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப்போர். தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் இலங்கையில் அமைந்தபோது, படைவீரர்களுக்காக 'றேடியோ சீயாக்' என்ற நிலையம் கொழும்பில் இயங்கியது. அதற்கென ஏக்கலையில் ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அக்கருவிகள் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1949 ஒக்டோபர் 1 ஆம் திகதி 'றேடியோ சிலோன்' தனித் திணைக்களமாயிற்று. மறு ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியர் கிளிபோட் டொட் அச்சேவையைக் கட்டி வளர்த்தார். சிறிய தீவு ஒன்றிடம், அதன் பரப்புக்கு எவ்விதப் பொருத்தமும் இல்லாத பேராற்றல் மிக்க குரல் ஒன்று வந்து சேர்ந்தது.

அக்குரல் எவ்வளவு தூரம் எட்டிற்று என்பதை அண்டை நாடே உணர்ந்தது. 1952 ஆம் ஆண்டில் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றைப் பெரிதும் குறைத்தார். சாத்திரிய இசை கேட்கப்படும் என அவர் எதிர்பார்த்தார். கேட்பவர்களோ பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர். அதே ஆண்டின் இறுதியில் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கி, வட இந்தியாவெங்கும் புகழ் பெற்றது. தமிழ்நாட்டு இல்லங்களிலோ எஸ். பி. மயில்வாகனனின் குரல் குடிகொண்டது. 1957 ஒக்டோபரில் இந்தியா 'விவித பாரதி'யைத் தொடங்கித் தன் நேயர்களை மீட்க முற்பட்டது. விலக்கினால் மட்டும் ஒரு சுவையை மாற்ற இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வீட்டில் வானொலியைப் பூட்டிவைத்த தந்தையரும் இதே பாடத்தைத் தம் பிள்ளைகளிடம் கற்றிருப்பர்.

இக்காலத்திலேதான் வானொலி பொதுமக்களை வந்தடைந்தது. பெட்டி வாங்க இயலாதவர் தேநீர்க் கடையின் முன்னே நின்று கேட்டனர். அயல்வீட்டுச் சன்னலின் கீழே நின்றும் கேட்டனர். கம்பி வழியே வீட்டுக்கு ஒலியைக் கொணரும் 'ரிடிபியூசன்' பெட்டிகளும் கொழும்பில் இருந்தன. 1947 இல் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட திரான்சிஸ்டர், 1954 இல் கையடக்க வானொலியாகச் சந்தைக்கு வந்தது. அதன் பின்னர் மின்சாரம் இல்லாத வீடும் மின்கலத்தின் துணையால் உலகத்தைக் கேட்கலாயிற்று. ஆபிரிக்காவின் வட ரொடீசியாவில் ஹரி பிராங்கிளின் என்னும் அதிகாரி, ஏழைமக்கள் வாங்கத்தக்க மின்கல வானொலி ஒன்றை 1949 ஆம் ஆண்டில் செய்வித்தார். சமையற் பாத்திரம் போன்ற வட்ட வடிவுடைய பெட்டி என்பதால் அது பாத்திர வானொலி என்றே பெயர் பெற்றது. விலை இறங்காதவரை எந்த விஞ்ஞான அற்புதமும் ஏழையின் வாசற்படி ஏறுவதில்லை.

பெட்டி பெருகப் பெருகக் குற்றச்சாட்டும் பெருகிற்று. திரைப்பாடல் மெட்டுகள் பிள்ளையின் நாவில் ஏறிவிட்டன, தேவாரம் இறங்கிவிட்டது என்று பெரியோர் வருந்தினர். விருப்பப் பாடல் நிகழ்ச்சிக்குத் தபாலட்டை எழுதுவதில் காட்டும் ஊக்கத்தைக் கட்டுரைப் பயிற்சியிற் காட்டுவதில்லை என்று ஆசிரியர்கள் குறைகூறினர். இக்குறைகளில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அதே பெட்டி மாலையில் வேறொரு பணியையும் செய்துகொண்டிருந்தது.

'சானா' எனப் புகழ்பெற்ற சண்முகநாதன் தயாரித்த 'இலண்டன் கந்தையா' நாடகத்தையும், இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' தொடரையும் எண்ணிப் பார்க்கலாம். மேடையில் செந்தமிழும் திரையில் தமிழகப் பேச்சும் ஒலித்த காலத்தில், ஈழத்தவரின் பேச்சுமொழி வானலையில் மதிப்புடன் ஏறியது இந்நாடகங்களால். கொழும்பு சாஹிராக் கல்லூரியில் கற்று, பின்னாளில் பேராசிரியராகப் பெரும்புகழ் பெற்ற கா. சிவத்தம்பி, தம் இளமையில் அவ்விதானையார் பாத்திரத்தை ஏற்று நடித்தவர். வானொலி மாணவரைக் கெடுக்கும் என்று அஞ்சிய அதே காலத்தில், அது ஒரு மாணவ தலைமுறைக்குத் தன் வீட்டு மொழியின்மீது நம்பிக்கையை ஊட்டிக்கொண்டிருந்தது.

சிறுவர்க்கென அமைந்த 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியின் பயன் இன்னும் நேரடியானது. வானொலி மாமா என்ற உறவுமுறைப் பெயரால் பிள்ளைகளை அழைத்து, அவர்களையே ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது அந்நிகழ்ச்சி. ஒருகொடவத்தைக்கு அடுத்த தெமட்டகொடையில் வளர்ந்த பி. எச். அப்துல் ஹமீட், சிறுவர் நிகழ்ச்சி வழியாகவே ஒலிபரப்பு உலகினுள் அடியெடுத்து வைத்தார். பின்னர் உலகத் தமிழர் யாவரும் அறிந்த அறிவிப்பாளரானார். பெருஞ்செல்வர் வாழும் பகுதியன்று அது. நிலையத்தின் கதவு ஒரு பிள்ளைக்குத் திறந்திருந்தமையால் நேர்ந்த நன்மை இது. கேட்பவன் பேசுபவனாகவும் மாற வழி இருந்தபோதுதான் கருவி கல்வியாயிற்று.

இனிப் பாடசாலைக்குள்ளே செல்வோம். 1945 ஒக்டோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனோடு இணைந்து வந்தது தாய்மொழிவழிக் கல்வி. முதலில் ஆரம்ப வகுப்புகளிலும், 1953 தொடக்கம் படிப்படியாக மேல் வகுப்புகளிலும் அது இடம்பெற்றது. கொள்கை பெரிது, ஆனால் கையில் இருந்த நூல்கள் சில. இரசாயனத்தையும் பூமிசாத்திரத்தையும் ஆங்கிலத்திற் கற்ற ஆசிரியர், அவற்றைத் தமிழிற் சொல்லச் சொற்களைத் தேடி நின்றார். கலைச்சொற் குழுக்கள் அமர்ந்து சொற்களை ஆக்கின. நூல்கள் மெல்ல மெல்ல வெளிவந்தன. இந்த இடைவெளியை நிரப்பத் துணைநின்றவற்றுள் ஒன்று வானொலியின் கல்விச் சேவை.

பாடசாலை நேரத்தில் ஒலிபரப்பாகிய அப்பாடங்களின் சிறப்பு வெறும் தகவலில் இல்லை. புதிய கலைச்சொல் எவ்வாறு உச்சரிக்கப்படும், நீண்ட விளக்கம் ஒன்று தமிழில் எவ்வாறு தடையின்றி ஓடும் என்பவற்றைப் பிள்ளைகளோடு ஆசிரியரும் கேட்டறிந்தனர். வானொலிப் பாடம் தானாகக் கற்பித்துவிடாது என்பதும் அப்போதே தெளிவாயிற்று. ஒலிபரப்புக்கு முன் ஆசிரியர் பிள்ளைகளை ஆயத்தம் செய்யவேண்டும். முடிந்தபின் வினா எழுப்ப வேண்டும். இவை இல்லாத வகுப்பில் வானொலி, ஆசிரியர் ஓய்வெடுக்கும் நேரமாகவே முடிந்தது. பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவரான சோ. சிவபாதசுந்தரம் 1954 இல் 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை வெளியிட்டார். செவிக்காக எழுதுவது கண்ணுக்காக எழுதுவதினின்றும் வேறான கலை என்பதைத் தமிழில் ஒரு நூலாக நிலைநாட்டிய முயற்சி அது. கருவி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, அதற்கேற்ற தமிழும் உருவாகவேண்டும் என்பதை அத்தலைமுறை அறிந்திருந்தது.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய பின்னர் இவ்வறிவு இன்னும் கூர்மை பெற்றது. பாடசாலையில் தமிழ், அரசாங்கக் கந்தோரில் சிங்களம், உயர்பதவிக்கு ஆங்கிலம் என்ற மும்முனை நெருக்கடி கொழும்புத் தமிழ்ப் பெற்றோரைச் சூழ்ந்தது. வீட்டிலிருந்த வானொலியின் முள்ளும் இம்மூன்று சேவைகளுக்கிடையே அலைந்தது. உச்சரிப்புத் திருந்தும் என்று ஆங்கிலச் செய்தியைக் கேட்கச்சொன்ன தந்தை, பாடல் கேட்கத் தமிழ் வர்த்தக சேவையை நாடிய பிள்ளை, நாடக நேரத்திற்காகக் காத்திருந்த தாய் என ஒரே பெட்டியின்முன் குடும்பத்தின் கருத்துகள் பிரிந்தன. பெட்டி பற்றிய பூசலாகத் தோன்றியது உண்மையில் பிள்ளையின் எதிர்காலம் எந்த மொழியில் அமையும் என்ற கவலையே.

வானொலித் திணைக்களம் 1967 சனவரி 5 ஆம் திகதி கூட்டுத்தாபனமாயிற்று. 1972 இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. அவ்வெழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. உள்ளூரிற் பொருத்திய வானொலிப் பெட்டிகளே பெரும்பாலான வீடுகளில் ஒலித்தன. பழுதுபட்டதைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துவதே வழக்கமாயிற்று. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகம் குடும்பங்களை வானொலியருகே அமர்த்தியது அக்காலத்தில்தான். 1977 இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டன. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைதேடிச் சென்றவர்கள் திரும்பும்போது ஒலிநாடா வானொலிகளையும், சிறிது காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் சுமந்து வந்தனர்.

தொலைக்காட்சி இலங்கைக்குத் தாமதித்தே வந்தது. புதுடில்லியில் 1959 இலும் சென்னையில் 1975 இலும் தொடங்கிய அச்சேவை, 1979 ஏப்ரல் 13 ஆம் திகதி ஒரு தனியார் முயற்சியாகப் பன்னிப்பிட்டியிலிருந்து கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளுக்கு மட்டும் தொடங்கியது. இரண்டு மாதங்கள் செல்லுமுன், யூன் மாதத்தில், அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்தது. ஜப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி தன் ஒளிபரப்பைத் தொடங்கி, பீதுருதாலகாலை மலையுச்சிக் கோபுரத்தின் வழியே தீவின் பெரும்பகுதியை அடைந்தது. வானொலியிற் கேட்ட பழைய குற்றச்சாட்டு உடனே புத்துயிர் பெற்றது. கண் கெடும், நித்திரை கெடும், வீட்டுவேலைக் கொப்பி திறவாமற் கிடக்கும் என்றனர். பெட்டி உள்ள ஒரு வீட்டில் அயலார் அனைவரும் கூடியமர்ந்து பார்க்கும் காட்சி அந்நாட்களில் எங்கும் காணக்கூடியதாக இருந்தது.

ஆனால் இம்முறை வேறுபாடு ஒன்று இருந்தது. வானொலியில் தமிழுக்குத் தனிச் சேவையே இருந்தது. காலைமுதல் இரவுவரை தமிழ் ஒலித்தது. தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்தவை சில மணித்துளிகளே. டைட்டஸ் தொட்டவத்தவின் தலைமையில் ரூபவாஹினியின் ஒலிச்சேர்ப்புப் பிரிவு, உலகச் சிறுவர் சித்திரங்களைச் சிங்கள நாட்டார் வழக்கில் பேசவைத்து அரிய பணி செய்தது. ஜப்பானியத் தொடரான 'ஓஷின்' சிங்களக் குரலோடு வந்து நாடெங்கும் பேசப்பட்டது. அத்தகைய வளம் தமிழ்ப் பிள்ளைக்குத் தன் மொழியிற் கிடைக்கவில்லை. ஒரே குடியிருப்பில் ஒரே பெட்டியின்முன் அமர்ந்த இரு பிள்ளைகளுள் ஒருவன் கதையைக் கேட்டான். மற்றவன் படத்தைப் பார்த்தான். தமிழ்ப் பிள்ளை சிங்களம் கற்றுக்கொண்டான் என்பது இதன் ஒரு நன்மை. தன் மொழி இக்கருவிக்கு உரியதன்று என்ற எண்ணத்தையும் உடன் கற்றுக்கொண்டான் என்பது மறுக்க இயலாத இழப்பு.

அடுத்து வந்தது 1983 யூலை. கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, உயிர்கள் மாண்டன, எண்ணற்றோர் அகதி முகாம்களுக்கும் வடகிழக்குக்கும் பிறநாடுகளுக்கும் சென்றனர். பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய பெட்டியும், பிள்ளையின் புத்தகப் பையும், பாடசாலைச் சான்றிதழ்களும் ஒரே நெருப்பில் எரிந்த வீடுகள் பல. அத்தகைய நாளில் கருவி நல்லதா தீயதா என்ற விவாதத்துக்குப் பொருளே இல்லாமற் போகிறது. பிள்ளை அச்சமின்றிப் பாடசாலை செல்லும் நாடு இருந்தாலன்றோ அவன் மாலையில் எதைப் பார்க்கிறான் என்று வீட்டில் வாதாடலாம்?

தொண்ணூறுகளில் வானலைகள் தனியாருக்குத் திறந்தன. 1993 இல் சென்னையில் தொடங்கிய சன் தொலைக்காட்சி கடல்கடந்தும் பார்க்கப்பட்டது. 1998 இல் கொழும்பிலேயே சக்தி தொலைக்காட்சியும் சூரியன் பண்பலை வானொலியும் தோன்றின. இப்போது தமிழுக்கு நேரம் கிடைத்தது. ஆனால் அந்நேரத்தின் பெரும்பங்கைத் தமிழகத்தின் திரைப்படமும் தொடர்நாடகமும் பிடித்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரவு உணவு நேரமே தொடர்நாடகத்தை அநுசரித்து மாறியதென்று வேடிக்கையாகச் சொல்வர். 'விதானையார் வீட்டில்' கேட்டு வளர்ந்த பாட்டியின் பேரப்பிள்ளை, சென்னை நகரப் பேச்சைச் சரளமாகப் பேசியது. மொழி இருந்தது, ஆனால் ஊர் இல்லை. கிடைத்த அலைவரிசைக்கு உள்ளூரில் எழுதவும் நடிக்கவும் போதியவர் ஊக்குவிக்கப்படாமையே இதற்குக் காரணம். இதற்குக் கருவியைக் குறைகூற இயலாது.

மலையகத்தின் அயலில் இதே காலத்தில் நிகழ்ந்த ஒரு முயற்சி இங்கு நினைவுகூரத்தக்கது. கொத்மலை சமூக வானொலி, யுனெஸ்கோவின் துணையோடு, தொண்ணூறுகளின் முடிவில் இணையத்தை வானொலியோடு இணைத்தது. கிராமத்தவர் தம் வினாக்களை நிலையத்துக்கு அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, மக்களின் மொழியில் வானொலி வழியே விளக்குவர். கணினி வாங்க இயலாத வீட்டுக்கும் அதன் பயன் சென்றது. உலகின் பல நாட்டவர் வந்து பார்த்துச் சென்ற இம்முயற்சியில் விலை உயர்ந்த புதுமை எதுவும் இல்லை. பழைய கருவியும் புதிய கருவியும் மனிதர் ஒருவரின் இடையீட்டால் கைகோத்தன, அவ்வளவே.

கடைசியாக வந்த சோதனை பெருந்தொற்று. 2020 மார்ச்சு மாதத்தில் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. முந்திய நாள்வரை பிள்ளையின் கையிலிருந்து பறிக்கப்பட்ட கைத்தொலைபேசியே அன்றுமுதல் வகுப்பறையாயிற்று. ஆசிரியர் அனுப்பும் பாடத்தைப் பெற நல்ல தொலைபேசி வேண்டும். இணையத்துக்குப் பணம் வேண்டும். இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவி வேண்டும். அன்றாடக் கூலியே நின்றுபோன குடியிருப்புகளில் இவை எங்கே கிடைக்கும்? அந்நேரத்தில் அரசாங்கம் மீண்டும் தொலைக்காட்சியையே நாடியது. ரூபவாஹினியின் அலைவரிசைகளில் சிங்களப் பாடங்கள் ஒலித்தன. 'நேத்ரா' அலைவரிசையில் தமிழ் மாணவருக்கும் பாடங்கள் இடம்பெற்றன. நாற்பது ஆண்டுகளாகப் படிப்பைக் கெடுப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெட்டி, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சிய ஆசிரியராக நின்றது.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மின்சாரம் நாளொன்றுக்குப் பல மணிநேரம் நின்றது, திரைகள் இருண்டன. அதே மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. தொலைக்காட்சியும் தொலைபேசியும் மட்டுமே அந்நியச் செலாவணியை நம்பியவை என்று எண்ணியிருந்தோர்க்குப் பாடப் புத்தகமும் பரீட்சைத் தாளும் அவ்வாறே என்பது அன்று புலப்பட்டது. கருவி ஒருபுறம், கல்வி மறுபுறம் என்று வைத்து வழக்காடியது எத்துணைப் பிழை! புத்தகமும் ஒரு கருவியே. பழகிவிட்டமையால் அது கருவியாகத் தோன்றவில்லை.

இன்று ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் திறக்கப்படும் கொள்கலன்களில் புதுப்புதுக் கருவிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதே ஊரில், கொரிய நாட்டின் உதவியுடன் அமைந்த தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் இளைஞர் கருவிகளைத் திருத்தவும் இயக்கவும் கற்கின்றனர். பொருளை வாங்குவதற்கும் அதனை ஆள்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஊர் இவ்வாறு இருபுறமும் காட்டி நிற்கிறது.

நூறாண்டு வழக்கின் தொகுப்புரை இதுவே. பெற்றோரின் அச்சம் வீணானதன்று. பிள்ளையின் நேரம் அளவுடையது. கருவியின் பசியோ அளவற்றது. எவ்வளவு நேரம் என்ற வினாவை வீடுதோறும் கேட்கவே வேண்டும். ஆனால் அவ்வினாவோடு நின்றவர்கள் வேறு இரு வினாக்களைக் கேட்க மறந்தனர். இக்கருவி எந்தப் பிள்ளைக்கு எட்டுகிறது, எந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை என்பது ஒன்று. அது பிள்ளையோடு பேசுவதற்குரிய பாடத்தை, கதையை, பாடலை அவனுடைய மொழியில் யார் ஆக்கித் தருகிறார் என்பது மற்றொன்று. ஐம்பதுகளில் இவ்விரண்டுக்கும் விடையளிக்க முயன்றவர் சிலர் இருந்தனர். அதனால் ஒரு தலைமுறை பயன்பெற்றது. எண்பதுகளில் அவ்விடை குறைந்தது. அதன் இழப்பையும் ஒரு தலைமுறை சுமந்தது. இனி வரும் கருவியின் பெயர் எதுவாயினும், அதன்மீது குற்றப்பத்திரிகை வாசிக்குமுன் இவ்விரு வினாக்களையும் எழுப்புவது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒலிபரப்பாளர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.